தலையில் அடிபட்ட பையனுக்கு வீ கேம் ஆடவிடலாமா?

கேள்வி:
என் மகனுக்கு 9 வயது. சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதில் இடது கை பலவீனமாகிவிட்டது. பிசியோவில் டம்ளரை எடுத்து அடுக்கச் சொன்னால் பத்தாவது தடவைக்குள் அழுதுவிடுகிறான். என் அண்ணன் தன் பழைய நின்டெண்டோ வீ-யை (ரிமோட்டைக் கையில் பிடித்து அசைத்து டிவியில் ஆடும் வீடியோ கேம்) கொடுத்திருக்கிறார். அதில் பௌலிங் (பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம்) ஆடினால் கைக்கு நல்லதா?

பதில் (குழந்தைகள் பிசியோ):
நல்லதுதான் அக்கா, ஆனால் பக்கத்திலேயே இருங்கள். தோளை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று சுண்டினாலும் பந்து உருண்டுவிடும். பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். ரிமோட்டின் கயிற்றைக் கையில் மாட்டிவிடுங்கள். வலிப்பு வந்ததுண்டா? அப்படியென்றால் முதலில் நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். மின்னும் திரை சிலருக்கு வலிப்பைத் தூண்டும். அப்புறம், டம்ளர் பயிற்சியை நிறுத்தாதீர்கள். டம்ளரைப் பிடிக்கும் விரல்களுக்கு இந்த விளையாட்டில் வேலை குறைவு.

பதில் (ஒரு அப்பா):
வீ-க்கு 2007-இல் வந்த பேலன்ஸ் போர்டும் (ஏறி நின்று ஆடும் பலகை) கிடைத்தால் வாங்குங்கள். எடையை உணர நான்கு சென்சார்கள் அதில் உண்டு. என் மகள் வலது காலிலேயே சாய்ந்து நிற்பாள். “நேராக நில்லு” என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் கேட்காதவள், எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் புள்ளி திரையில் ஓரமாக ஒதுங்குவதைப் பார்த்ததும் தானே இடது காலை ஊன்றினாள். சுவரோரம் வைத்து, பின்னால் ஒருவர் நில்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
வலிப்பு வந்ததில்லை, இருந்தாலும் டாக்டரிடம் கேட்டோம், சரி என்றார். நேற்று இருபது நிமிடம் ஆடினான். ரிமோட் இரண்டு முறை நழுவியது, கயிறு காப்பாற்றியது. அழவே இல்லை.