லாகோஸில் ‘ஜாப்பா’ பேச்சு: நான் பார்த்தவர்கள்

2021 முதல் 2024 வரை நைஜீரியாவின் லாகோஸ் நகரில், இக்கேஜா பகுதியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். அங்கே போய்ச் சேர்ந்த மாதமே கற்றுக்கொண்ட சொல் ‘ஜாப்பா’. அங்கே பேசும் யொரூபா மொழியில் ஓடித் தப்புவது என்று அர்த்தம். இப்போது நாட்டை விட்டுப் போவதற்கே அதுதான் பெயர். கையில் காசில்லாத நிலைக்கு ‘சாப்பா’. சாப்பா முற்றினால் ஜாப்பா என்று ஆபீஸ் பையன்கள் சிரிப்பார்கள்.

பக்கத்து மேஜையில் இருந்த பெண்ணுக்கு இங்கிலாந்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருந்தது. விசாவுக்குக் காட்டும் பணம் 28 நாள் வங்கியில் அசையாமல் கிடக்க வேண்டும். அக்காவிடம் கொஞ்சம், மாமாவிடம் கொஞ்சம், அப்புறம் ‘அஜோ’ எடுத்ததும் கொஞ்சம் (நம்ம ஊர் சீட்டுதான் அது) என்று சேர்த்துக்கொண்டிருந்தார். 2023 ஜூனில் அந்த நாட்டுப் பணமான நைராவின் மதிப்பைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று மிதக்க விட்டார்கள். டாலருக்கு 470 பக்கம் இருந்தது சில நாளில் 700-ஐத் தாண்டியது. பவுண்டுக்கு மாற்றிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துபோயிருந்தது. சரி, ஜனவரியில் போகலாம் என்று தள்ளிப்போட்டார். ஆனால் 2024 ஜனவரியிலிருந்து ஆராய்ச்சி மாணவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் குடும்பத்தைக் கூட்டி வரக்கூடாது என்று பிரிட்டன் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அவருக்குக் கணவர், நான்கு வயதுப் பையன். நான் கிளம்பும்வரை அவர் அந்த மேஜையில்தான் இருந்தார்.

ஒருநாள் கரண்ட் போனபோது, ஆறுதலாக இருக்கட்டுமே என்று, “இந்த ஊரில் என்னதான் ஒழுங்காக நடக்கிறது?” என்றேன். முகம் மாறிவிட்டது. “ஓகா (அங்கே ‘சார்’ மாதிரி), அதை நான் சொல்லலாம். நீங்கள் சொல்லக்கூடாது.” அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவர் சொன்னது சரிதான்.

மறுமொழி:
நானும் அங்கே இருந்தவன்தான், யாபா பக்கம். எங்கள் தெரு ஜெனரேட்டர் மெக்கானிக் போகவே மாட்டேன் என்பார். அங்கே சின்ன ஜெனரேட்டருக்கு மக்கள் வைத்த பெயரே ‘பக்கத்து வீட்டுக்காரனை விட நான் தேவலை’. “எந்நேரமும் கரண்ட் வந்தால்தான் நான் ஜாப்பா போக வேண்டியிருக்கும்” என்று சிரிப்பார். 2023 மே 29 அன்று பெட்ரோல் மானியம் போயிற்று என்று புது அதிபர் டினுபு அறிவித்தார். 200 நைராவுக்குள் இருந்த லிட்டர் 500 பக்கம் ஏறியது. வாங்கி ஊற்ற ஆளில்லாமல் சின்ன ஜெனரேட்டர்கள் ஓய்ந்தன. பிறகு அவர் அந்தச் சிரிப்புப் பேச்சைப் பேசி நான் கேட்கவில்லை.

மறுமொழி:
நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் நர்ஸ். கூட வேலை பார்க்கும் அக்கா நைஜீரியாவின் இபாதான் நகரத்துக்காரர். சம்பளத்துக்காக வந்தீர்களா என்று கேட்டேன். லாகோஸில் நல்ல வேலையாம், வீட்டில் இன்வெர்ட்டர்கூட இருந்ததாம். 2020 அக்டோபர் 20 இரவு, லெக்கி சுங்கச்சாவடியில் போலீஸ் அராஜகத்தை எதிர்த்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள்மேல் ராணுவம் சுட்டதைப் போனில் நேரலையாகப் பார்த்திருக்கிறார். தம்பி அந்தக் கூட்டத்தில் இருந்தான். விடியும்வரை அவனுக்குப் போன் போகவில்லை. அவன் பத்திரமாக வந்துவிட்டான். இவர் மறுநாளே ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டினார்.

இப்போது இபாதானில் வீடு கட்டுகிறார். நைட் ஷிப்ட் இடைவேளையில் செங்கல், கம்பி, கூரைத் தகடு என்று வாட்ஸ்அப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, மேஸ்திரியைத் திட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். திரும்பிப் போகப் போகிறீர்களா என்றால், “டிசம்பருக்கு” என்கிறார். எந்த டிசம்பர் என்று நான் கேட்டதில்லை.