சங்க இதழின் அச்சை நிறுத்திவிட்டு முகநூலுக்கு மாறலாமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் சங்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு மாத இதழை நடத்தி வருகிறது. கோயில் திருவிழாக்கள், தமிழ் வகுப்புச் செய்திகள், மரண அறிவித்தல்கள், மாநகராட்சி தொடர்பான புகார்கள் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. தாள் விலையும் அச்சுக் கூலியும் ஏறிவிட்டதால், அச்சை அடியோடு நிறுத்தி முகநூல் பக்கமாக மாற்றிவிடலாம் என்று செயற்குழுவில் பலர் கருதுகின்றனர். 2024 ஜூனில் நம் நாட்டின் பெரிய ஊடக நிறுவனமான மீடியா24, சிட்டி பிரஸ், ரப்போர்ட், டெய்லி சன் உள்ளிட்ட இதழ்களின் அச்சுப் பதிப்புகளை நிறுத்தும் திட்டத்தை அறிவித்ததையே அவர்கள் சான்றாகக் காட்டுகின்றனர். பெரிய செய்தி நிறுவனங்களின் அனுபவத்திலிருந்து எங்களைப் போன்ற சிறிய இதழ் எதை எடுத்துக்கொள்ளலாம்?

மறுமொழி 1 (ஜோகன்னஸ்பர்க், இணையச் செய்திப் பிரிவில் பணிபுரிபவர்):
ஐயா, முகநூல் பக்கம் தொடங்குவதையும் இணையத்துக்கு மாறுவதையும் ஒன்றாக எண்ண வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். முகநூலில் உங்களைப் பின்தொடர்வோரில் எத்தனை பேருக்கு உங்கள் செய்தியைக் காட்டுவது என்பதை முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனமே தீர்மானிக்கிறது. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று கனடா சட்டம் இயற்றியதும், 2023 ஆகஸ்டில் அந்நாட்டு மக்களுக்குத் தன் தளங்களில் செய்தியே தெரியாதபடி அந்நிறுவனம் தடுத்துவிட்டது. அடுத்த இரு மாதங்களில் சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் நம் நாட்டின் போட்டி ஆணையமும் இணையப் பெருநிறுவனங்களுக்கும் செய்தி ஊடகங்களுக்கும் உள்ள உறவைப் பற்றி விசாரணை தொடங்கியது. வாசகருக்கும் இதழுக்கும் நேரடித் தொடர்பு இல்லாவிட்டால் இதழ் பிறர் தயவில்தான் வாழ வேண்டியிருக்கும்.

இங்கே உறுதியாக நிற்பவர்கள் அந்தத் தொடர்பைக் கட்டியவர்களே. 1998-இல் தொடங்கிய நியூஸ்24 செய்தித் தளம், 2021 ஆகஸ்டில் சந்தா முறையைக் கொண்டுவந்தது. 2009-இல் இணையத்தில் பிறந்த டெய்லி மேவரிக் செய்தித் தளம் வேறு வழியை மேற்கொண்டது. 2018-இல் உறுப்பினர் திட்டம் தொடங்கியபோதும் கட்டுரைகளுக்குக் கட்டணப் பூட்டுப் போடாமல், விரும்பும் வாசகர்கள் தம்மால் இயன்ற தொகையைத் தரட்டும் என்று விட்டது. அதே நிறுவனம் 2020-இல் அச்சில் ஒரு வார இதழையும் தொடங்கியது என்பதை உங்கள் செயற்குழுவிடம் அவசியம் சொல்லுங்கள்.

உங்களுக்கு மிகவும் பொருந்தும் முன்மாதிரி ‘தி காண்டினென்ட்’ என்பேன். 2020-இல், ஊரடங்குக் காலத்தில், மெயில் அண்டு கார்டியன் இதழின் துணையோடு தொடங்கிய அந்த வார இதழ், வாட்ஸ்அப் வழியே பிடிஎஃப் கோப்பாகக் கைக்குக் கை செல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனின் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் யாரென்றே தெரியாதவர்களின் குரல்பதிவுகள் வாட்ஸ்அப்பில் எவ்வளவு அச்சத்தைப் பரப்பின என்பதை நாம் மறக்க முடியாது. வதந்தி வந்து சேரும் அதே கைப்பேசிக்கு, சரிபார்த்த செய்தியும் உங்கள் சங்கத்தின் பெயரோடு வந்து சேர வேண்டும்.

மறுமொழி 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க், நூலகப் பணியாளர்):
இதழைப் பாதுகாத்து வைப்பதைப் பற்றியும் யோசியுங்கள். 1903-இல் டர்பனில் தொடங்கிய இந்தியன் ஒப்பினியன் இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வெளிவந்தது. பின்னாளில் காந்தியடிகள் அதில் விளம்பரங்களையே நிறுத்திவிட்டுச் சந்தாதாரர்களை நம்பி நடத்தினார் என்பதும் உங்கள் பணக் கவலைக்குப் பொருத்தமானது. அதன் பக்கங்களை இன்று இணையத்தில் காண முடிவதற்குக் காரணம், தாள் பிரதிகளை யாரோ பத்திரப்படுத்தியிருந்ததே. முகநூல் பதிவை எந்த நூலகமும் அடுக்கி வைக்கப்போவதில்லை.

தமிழ்ப் பக்கங்களைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறீர்களா? அப்படியானால் உடனே ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாறுங்கள். பழைய எழுத்துருவில் உள்ள கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், தேடுபொறிக்கு அது பொருளற்ற குறிகளாகவே தெரியும். நாளை ஒரு பேரன் தன் தாத்தாவின் பெயரைத் தமிழில் தேடினால் எதுவும் கிடைக்காது.

மறுமொழி 3 (ஃபீனிக்ஸ்):
என் மாமியார் இதழைக் கையில் வாங்கியதும் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். அவரிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. 2020 ஏப்ரலில் வோடாகாம் கைப்பேசி நிறுவனம் 1 ஜிபி டேட்டாவின் மாத விலையை 149 ராண்டிலிருந்து 99 ராண்டாகக் குறைத்தது உண்மை. ஆனால் அரசு உதவித்தொகையில் வாழும் முதியவருக்கு டேட்டாவுக்குச் செலவிடுவது இன்றும் பெரிய சுமைதான். அவர்களுக்காகச் சில பிரதிகளையாவது அச்சிட்டுக் கோயிலில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முதியவர்களுக்கு மட்டும் அச்சுப் பிரதி, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் என்று முன்மொழிய எண்ணுகிறேன். சங்கப் பதிவேட்டில் உள்ள எண்களுக்கு நேரடியாக அனுப்பிவிடலாம் அல்லவா?

மறுமொழி 1 எழுதியவர்:
அவ்வாறு செய்ய வேண்டாம், ஐயா. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. உறுப்பினர் பதிவேட்டுக்காகத் தந்த எண்ணை வேறொரு தேவைக்குப் பயன்படுத்துமுன் அவரவர் சம்மதத்தைக் கேட்டுவிடுவதே பாதுகாப்பானது. மேலும், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புவது, உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே அடுத்த அச்சிதழின் முதல் பக்கத்திலேயே சங்கத்தின் எண்ணைப் பெரிதாக வெளியிட்டு, அதைச் சேமித்துக்கொண்டு ஒரு செய்தி அனுப்புமாறு வாசகர்களைக் கேளுங்கள். எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்று பார்த்த பிறகு, எத்தனை பிரதி அச்சிடுவது என்பதைச் செயற்குழு முடிவு செய்யட்டும்.