பதில்: டீஆக்டிவேஷனுக்குத் தமிழ்ச்சொல்

> 'செயலிழக்கச் செய்தல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அது போதாதா?

வணக்கம். செயலி வழியே வேலை தரும் நிறுவனம், வேலை செய்பவரின் கணக்கை முடக்குவதை அல்லது மூடுவதை ('டீஆக்டிவேஷன்') தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதானே கேள்வி. சமூக ஊடகக் கணக்குக்கு நீங்கள் சொன்னது போதும். உணவு விநியோகம் செய்பவருக்கும் வாடகைக்கார் ஓட்டுபவருக்கும் கணக்கோடு சேர்ந்து பிழைப்பும் போகிறது. அவர்கள் 'ஐடி பிளாக் ஆயிடுச்சு' என்கிறார்கள். பேட்டிகளில் அதை அப்படியே விட்டுவிடலாம். 'செயலி நீக்கம்' வேண்டவே வேண்டாம். யாரோ போனிலிருந்து ஆப்பை அழித்துவிட்டார் என்று தோன்றும்!

> நேராகப் 'பணிநீக்கம்' என்று எழுதுங்கள்.

மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் என்றது. அந்த வழக்கில் பார்த்தபடி, கட்டணத்தை நிறுவனமே நிர்ணயித்தது. சவாரிகளை மறுத்துக்கொண்டே இருந்தால் பத்து நிமிடம் செயலியிலிருந்து வெளியேற்றியது. இதில் சுயதொழில் எங்கே இருக்கிறது? ஆனால் இந்தியாவின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020, கிக் தொழிலாளரை மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர் என்று வரையறுக்கிறது. 'பணிநீக்கம்' என்று செய்தி போட்டால், 'நாங்கள் பணியில் அமர்த்தவே இல்லையே' என்று மறுநாள் மறுப்பு வரும். அந்தச் சண்டையை நீதிமன்றம் தீர்க்கட்டும், கலைச்சொல் முந்திக்கொள்ள வேண்டாம். அதற்காக உழைப்பே நடக்காததுபோல வெறும் 'கணக்கு' என்று எழுதுவதும் நிறுவனத்தின் பக்கம் நிற்பதுதான்.

அதனால் என் பரிந்துரை: தற்காலிகமானால் பணிக்கணக்கு முடக்கம், நிரந்தரமானால் பணிக்கணக்கு நீக்கம். அரசு அலுவலகத்தில் பணியிடை நீக்கம், பணிநீக்கம் என்று இரண்டு இருப்பதால் இந்த வேறுபாடு வாசகருக்குப் புதிதல்ல. வேலை நடக்கிறது என்பதைச் சட்ட வரையறையே ஒப்புக்கொள்வதால் 'பணி'யை யாரும் ஆட்சேபிக்க முடியாது. தலைப்புக்கு நீளம்தான், தெரியும்.

இன்னொன்று பாக்கி. தளப்பணி (செயலி, இணையதளம் வழியே கிடைக்கும் வேலை) பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 நெறியாணை (டைரக்டிவ்), கணக்கைக் கட்டுப்படுத்துவது, இடைநிறுத்துவது, முடிப்பது ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி, எதுவானாலும் மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. பின்னிரண்டுக்கும் மேலே சொன்னவை பொருந்தும். முதலாவதற்கு? ஐடி இருக்கும், சில வசதிகள் மட்டும் பறிபோகும். 'பணிக்கணக்குக் கட்டுப்பாடு' என்றால் கணக்கை யாரோ நிர்வகிப்பதுபோல ஒலிக்கிறது. 'பணிக்கணக்குக் குறுக்கம்' சரிவருமா? இலங்கை நண்பர்கள் அங்கே என்ன எழுதுகிறார்கள் என்றும் சொல்லுங்கள்.