ஏ/எல் ரெண்டாம் ஷை (தடவை): நேரம் வைச்சுப் பேப்பர் செய்யப் பயப்படுறான்

பனங்கூடல்:
தம்பி ஏ/எல் (உயர்தரம்) கணிதப் பிரிவு. முதல் ஷையில பௌதிகவியல் எஸ் (சாதாரண சித்தி), மற்ற ரெண்டும் சி (அதுக்கு ஒரு படி மேல). திரும்ப எடுக்கிறான். ரியூசன் போறான், நோட்ஸ் எழுதுறான். பாஸ்ட் பேப்பரை (பழைய வினாத்தாளை) நேரம் வைச்சுச் செய்யச் சொன்னா மட்டும் "இன்னும் யூனிட் முடியேல்லை" எண்டு நழுவுறான். செய்தாலும் விடையைப் பக்கத்தில விரிச்சு வைச்சுத்தான். அதட்டியும் பாத்தாச்சு. வழி தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மணிக்கூட்டடி:
அதட்டுறதை விடுங்கோ, முழுப் பேப்பரையும் நீட்டாதேங்கோ. பௌதிகவியல் எம்சிகியூ (விடை தெரிவு செய்யிற பகுதி) 50 கேள்விக்கு 120 நிமிஷம், அப்ப 10 கேள்விக்கு 24. ஒரு கிழமைக்கு அந்தப் பத்து மட்டும். பிறகு 25 கேள்வி ஒரு மணித்தியாலத்தில, அதுக்குப் பிறகுதான் முழுசு. முதல் கிழமைப் புள்ளியை உங்களுக்கும் காட்டத் தேவையில்லை எண்டு சொல்லிவிடுங்கோ.

திருத்தேக்க சரியான விடையைக் குறிக்காமல் புள்ளடி மட்டும் போடுங்கோ. பிழைச்ச கேள்வியை நேரம் பாக்காமல் திரும்பச் செய்யட்டும். இப்ப சரி வந்தா அது பதட்டம் இல்லாட்டி அவசரம். அப்பவும் வராட்டித்தான் யூனிட்டைத் திரும்பப் படிக்கவேணும். இதைப் பிரிச்சுப் பாக்காமல் எல்லாத்துக்கும் நோட்ஸ் எழுதினா கொப்பிதான் தடிக்கும்.

பிழைக்கொப்பி ஒண்டு வேணும். அதில "கவனயீனம்" எண்டு எழுதினா வீண். உதாரணத்துக்கு வேணியர் (நீளம் அளக்கிற கருவி): வாசிப்பு 2.34 செ.மீ, வேணியரின்ரை பூச்சியம் பிரதான அளவிடைப் பூச்சியத்துக்கு வலப்பக்கம் 0.02 தள்ளி நிக்குது. விடை 2.32. அவன் 2.36 எண்டு போட்டிருந்தா, "வழு நேர், கழிக்கவேணும், கூட்டினேன்" எண்டு எழுதவேணும். மூண்டாம் நாளும் பத்தாம் நாளும் அதே கணக்கை வெறும் தாளில செய்யட்டும்.

தென்னங்கீற்று:
மேல சொன்னது சரி, ஆனா எம்சிகியூவோட நிக்காதேங்கோ. கன பேர் விழுறது ரெண்டாம் பகுதியில. 3 மணித்தியாலத்தில ஸ்ட்ரக்சர் (அமைப்புக் கட்டுரைக் கேள்வி) நாலும் கட்டாயம், எசே (கட்டுரைக் கேள்வி) ஆறில நாலு. ஸ்ட்ரக்சர் ஒண்டுக்கு 20, எசே ஒண்டுக்கு 25 நிமிஷம் வைச்சா 180 சரி. தொடங்க முதல் தாற 10 நிமிஷ வாசிப்பு நேரத்தில எந்த நாலு எசே எண்டு முடிவெடுத்திடவேணும். நடுவில மாத்தினா ரெண்டும் அரைகுறை.

எஸ்ஸைப் பாத்து முடிவு கட்டவும் வேண்டாம். எஸ் 35 இல இருந்து 54 வரைக்கும் போகும், சி 55–64 தான். 36 எடுத்தவனுக்கும் 53 எடுத்தவனுக்கும் ஒரே எழுத்துத்தான் வரும். கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற இசட் புள்ளி மூண்டு பாடத்தின்ரையும் சராசரி, அதால பௌதிகவியலுக்காக மற்ற ரெண்டையும் கைவிட்டா நட்டம்.

கிணற்றடி:
நித்திரை, சாப்பாடு குழம்பி, "இருந்து என்ன" எண்டு கதைக்கிற அளவுக்குப் போனா பேப்பர் பிறகு. 1926க்கு எடுங்கோ, இலங்கையில மனநல உதவி இலக்கம். என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) பாதையையும் இப்பவே விசாரிச்சு வையுங்கோ, மட்டம் 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன். வேற வழியும் இருக்கெண்டு தெரிஞ்சா மண்டபத்தில கை நடுங்கிறது குறையும்.

பனங்கூடல்:
நன்றி. வீட்டுக்கு வாற ஆக்கள் "இந்த முறை எத்தினை ஏ?" எண்டு கேக்கினம், அதுக்கு என்ன செய்ய?

மணிக்கூட்டடி:
தேத்தண்ணியைக் குடுத்துக் கதையை மாத்துங்கோ. பேப்பர் செய்யிறதைச் சனி விடிய 8.30க்கு வையுங்கோ, அந்த நேரம் ஒருத்தரும் வராயினம்.