புதுப்பிப்பு: ஜெனோவா துறைமுக ஓட்டல், முழங்கால் வலியோடு அம்மா

இத்தாலியின் ஜெனோவாவில் பழைய துறைமுகத்தை ஒட்டிய புது ஓட்டலில் தங்கலாமா, முழங்கால் வலி உள்ள அம்மாவால் மேட்டு நகரைப் பார்க்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம்.

பிரின்சிபே ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் சான் ஜார்ஜோ. அங்கிருந்து துறைமுகம் முழுக்கச் சமதரை. 1992இல் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ புதுப்பித்துக் கொடுத்த இடம், அம்மா தயங்காமல் நடந்தார்.

"கடல் பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள்" என்ற யோசனைதான் தூக்கத்தைக் காப்பாற்றியது. முதலில் ஊர்ப் பக்க அறை கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே மேம்பாலச் சாலை, ஓயாத வண்டிச் சத்தம். கேட்டதும் மாற்றிவிட்டார்கள்.

மேட்டுக்கு, இன்னொருவர் சொன்ன காஸ்டெல்லெட்டோ லிஃப்ட். போர்தெல்லோ சதுக்கம் வரை டாக்ஸி, அப்புறம் ஓடு பதித்த சுரங்கப்பாதை, உள்ளே மரப்பெட்டி போன்ற பழைய லிஃப்ட். மேலே வந்ததும் சாம்பல் நிறக் கல்கூரைகள், அதற்கப்பால் கப்பல்கள், தூரத்தில் லந்தேர்னா கலங்கரை விளக்கம். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நகரவே இல்லை.

எதிர்பாராதது: பழைய நகரின் சந்துகளில் கூகுள் மேப் தடுமாறுகிறது. சரிவை நோக்கி இறங்குங்கள், துறைமுகம் வந்துவிடும். வழியில் கடலைமாவில் சுடும் ஃபரினாட்டாவைச் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள்.