மீட்பழைப்பி, தடங்காட்டி: பீக்கனுக்கும் ட்ராக்கருக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். போகும் வழியை வீட்டாருக்கு அவ்வப்போது அனுப்பும் "சேட்டிலைட் ட்ராக்கர்", ஆபத்தில் மீட்பு மையத்தை அழைக்கும் "எமர்ஜென்சி பீக்கன்" இரண்டுக்கும் தமிழ் கேட்டு நம் குழுவுக்கு வந்த மடலையும், அதன்கீழ் வளர்ந்த பதில்களையும் படித்தேன். பாதிக்கு மேற்பட்ட பதில்கள் இரண்டையும் ஒரே கருவியாக எடுத்துக்கொண்டு பேசுகின்றன. படகுக்காரர்களும் மலையேறப் போகிறவர்களும் கருவி வாங்கும்போது தடுமாறுவதும் இதே இடத்தில்தான். ட்ராக்கரை வாங்கிவிட்டு, பீக்கன் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கரையை விட்டுப் போவது ஆபத்து. அதனால் வேறுபாடு பெயரிலேயே தெரியவேண்டும் என்பது என் கட்சி.

> "செயற்கைக்கோள் இடங்காட்டி" என்று இரண்டுக்கும் பொதுவாக வைத்துவிட்டால் என்ன?

இடங்காட்டி என்ற சொல்லை ஜிபிஎஸ்ஸுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அதுவும் போக, பீக்கனின் வேலை இடத்தைக் காட்டுவது அல்ல. கொஞ்சம் பழைய பீக்கன்களுக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அவை 406 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள் மேலே கடந்து போகும்போது அந்த அலைவரிசை சற்றே கூடிக் குறையும். அந்த மாற்றத்தை வைத்து, சில கிலோமீட்டர் பிசகோடு இடத்தைக் கணக்கிட்டுச் சொல்வார்கள். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஜிபிஎஸ் சேர்ந்தே இருப்பதால் பிசகு சுமார் நூறு மீட்டருக்குள் வந்துவிட்டது. ஆனாலும் கருவியின் சாரம் கூப்பாடு. இடம் அதனோடு சேர்ந்து போகும் தகவல்.

கூப்பிடுவது யாரை என்பதுதான் அடுத்த கேள்வி. என் பார்வையில் இரண்டு கருவிகளையும் பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது.

பீக்கனின் அழைப்பு கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பின் வழியாக அரசின் மீட்பு மையத்துக்குப் போகிறது. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், அன்றைய சோவியத் ஒன்றியம் நான்கும் பனிப்போர்க் காலத்திலேயே கைகோத்துத் தொடங்கியது அது. முதல் செயற்கைக்கோள் 1982 ஜூனில் ஏறியது. அதே ஆண்டு செப்டம்பரிலேயே கனடாவில் விழுந்த ஒரு சிறு விமானத்தில் இருந்த மூன்று பேரைக் காப்பாற்ற உதவியது. இந்த அழைப்புக்கு மாதச் சந்தா கிடையாது. ட்ராக்கரோ தனியார் நிறுவனத்தின் செயற்கைக்கோள் வலையமைப்பில் ஓடுகிறது: கார்மின் இன்ரீச், ஜோலியோ என்ற ட்ராக்கர்கள் இரிடியம் வலையமைப்பில், ஸ்பாட் என்பது குளோபல்ஸ்டார் வலையமைப்பில். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்பதுபோல உங்கள் இடத்தை அனுப்பி, வீட்டில் இருப்பவர் வரைபடத்தில் பார்க்கும்படி ஒரு கோடு இழுத்துக் காட்டும். சந்தா நின்றால் அதுவும் நின்றது.

> ட்ராக்கரிலும்தான் எஸ்ஓஎஸ் பொத்தான் இருக்கிறதே. பிறகென்ன வேறுபாடு?

நியாயமான கேள்வி. அந்தப் பொத்தானை அழுத்தினால் முதலில் கேட்பது நிறுவனம் அமர்த்தியிருக்கும் ஒரு மையம். அவர்கள்தான் அந்தப் பகுதி மீட்புப் படையைக் கூப்பிடுவார்கள். இதில் குறையும் இல்லை. இருவழிச் செய்தி வசதி இருந்தால் "கால் முறிந்துவிட்டது, மூச்சு சீராக இருக்கிறது, தண்ணீர் போதும்" என்று எழுதி அனுப்பலாம்; பீக்கனால் அது முடியாது. நடைப்பயணிகள் பலருக்கு அன்றாடம் உதவக்கூடியது ட்ராக்கர்தான் என்பேன். ஆனால் அதில் இருப்பது அவ்வப்போது சார்ஜ் ஏற்றவேண்டிய பேட்டரி. அதையே செய்தி அனுப்பவும் வரைபடம் பார்க்கவும் பயன்படுத்தித் தீர்த்திருப்போம். பீக்கனில் இருப்பது மூடி முத்திரையிட்ட லித்தியம் பேட்டரி. வருடக்கணக்கில் சும்மா கிடந்து, இயக்கிய பிறகு குறைந்தது 24 மணி நேரம் கூப்பிடும். கப்பல் வகை 48 மணி நேரம். அதன் அலைபரப்புத் திறன் ஐந்து வாட். ஆழ்கடலுக்கு என்றால் இன்னொன்றும் பார்க்கவேண்டும். இரிடியத்தின் 66 செயற்கைக்கோள்கள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தியை வாங்கிக் கைமாற்றுவதால் உலகம் முழுவதும் எட்டும். குளோபல்ஸ்டாரில் செயற்கைக்கோளுக்குத் தரைநிலையமும் அதே நேரத்தில் தெரிந்தாகவேண்டும். எனவே பெருங்கடல் நடுவே அதை நம்புவதற்கில்லை.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

"கலங்கரை" என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். ஆசையான சொல்தான். கரைதல் என்றால் அழைத்தல், காக்கை கரைவது போல. கலத்தை அழைப்பதால் கலங்கரை. ஆனால் அங்கே அழைப்பது கரையில் நிலையாக நிற்கும் விளக்கு, அழைக்கப்படுவது கலம். இங்கே தத்தளிக்கும் கலம் கரையை அழைக்கிறது. திசையே தலைகீழ். அந்த வேரை மட்டும் எடுத்து "இடர்க்கரைவி" என்று வைக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. தண்ணீரில் விழுந்தால் கரைந்துபோகும் கருவி என்று யாராவது புரிந்துகொண்டால் வம்பு.

"இடரழைப்பி"யில் ஓசை நன்று. ஆனால் இடர் என்பது இப்போது காப்பீட்டிலும் பங்குச்சந்தையிலும் "ரிஸ்க்" என்ற பொருளில் நன்றாக ஊன்றிவிட்டது. அதோடு, இடரை அழைக்கும் கருவி என்றும் பிரித்துப் படிக்கலாம்! என் பரிந்துரை: மீட்பழைப்பி. மீட்பை அழைப்பது, எதற்கு, என்ன செய்வது என்ற இரண்டும் உள்ளே இருக்கின்றன. ட்ராக்கருக்குத் தடங்காட்டி. எஸ்ஓஎஸ் பொத்தான் இருந்தால் "மீட்புப் பொத்தான் உள்ள தடங்காட்டி" என்று எழுதினால் போயிற்று. பொத்தான் இருப்பதாலேயே அது மீட்பழைப்பி ஆகிவிடாது.

வகைகளுக்குத் தனித்தனியாக மூளையைக் கசக்க வேண்டியதில்லை. படகிலும் கப்பலிலும் வைக்கும் ஈபெர்ப் (EPIRB) என்பது கல மீட்பழைப்பி, ஒருவர் தன்னோடு எடுத்துப்போகும் பிஎல்பி (PLB) என்பது ஆள் மீட்பழைப்பி, விமானத்தில் இருப்பது வானூர்தி மீட்பழைப்பி. கலமும் ஆளும் பெயரில் வந்தாலே வாங்குகிறவருக்குப் பாதி விளக்கம் கிடைத்துவிடும். ஏனென்றால் முன்னது கலத்தின் பெயரில் பதிவாகிறது. தண்ணீரில் தானாகவே நிமிர்ந்து மிதந்து ஆன்டெனாவை வானத்துக்குக் காட்டும். சிலவற்றில், படகு மூழ்கும்போது நான்கு மீட்டர் ஆழத்துக்குள் நீரின் அழுத்தமே பூட்டை அறுத்துக் கருவியை மேலே விட்டுவிடும் (அந்த உறுப்பை "நீரழுத்த விடுவிப்பான்" எனலாம்). பின்னது ஆளின் பெயரில். உயிர்காப்புச் சட்டையில் மாட்டிக்கொள்ளும் அளவுதான். ஆனால் ஆன்டெனாவை நாமே விரித்து, அலைக்கு மேலே நிமிர்த்திப் பிடித்திருக்கவேண்டும். குளிரில் விறைத்த கைக்கு அது லேசான வேலை இல்லை. கரை தெரியாத தூரம் போகும் படகுக்கு முதலில் கல மீட்பழைப்பி, அப்புறம் ஆளுக்கொன்று என்பதே என் வரிசை.

பெயர்ச்சொல்லைவிட எனக்குக் கவலை தருவது ஒரு வினைச்சொல். "ஆக்டிவேட்" என்று ஆங்கிலக் கையேடுகள் இரண்டு இடத்தில் எழுதுகின்றன. தடங்காட்டியை வாங்கியதும் ஆக்டிவேட் செய்யவேண்டும்; மீட்பழைப்பியை உயிர் போகும் நிலையில் மட்டும் ஆக்டிவேட் செய்யவேண்டும். இரண்டையும் "செயல்படுத்து" என்று மொழிபெயர்த்தால், பெட்டியைப் பிரித்த கையோடு ஒருவர் மீட்பழைப்பியைச் செயல்படுத்திவிடுவார், ஹெலிகாப்டர் கிளம்பிவிடும். ஏற்கெனவே இந்த அமைப்புக்கு வரும் அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை பொய்யழைப்புகள். ஆகவே முன்னதற்குச் "சந்தா தொடங்கு", பின்னதற்கு "முடுக்கு" என்று கறாராகப் பிரித்துவிடுவோம். சோதனைப் பொத்தானுக்கும் "சோதி" மட்டும் போதும். "முடுக்கிப் பார்" என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

இன்னொன்று. ஐரோப்பாவின் கலிலியோ இடங்காட்டிச் செயற்கைக்கோள்கள் வழியாக 2020 முதல் ஒரு வசதி வந்திருக்கிறது. அதற்கேற்ற மீட்பழைப்பி என்றால், அழைப்பு போய்ச் சேர்ந்ததும் சிறு விளக்கு எரிந்து சொல்லும். "மறுமொழி" என்று ஒரு மடலில் இருந்தது. மறுமொழி என்றால் யாரோ ஒரு மனிதர் பதில் சொன்னதாக, ஆள் கிளம்பிவிட்டதாகப் படும். அந்த விளக்கு அவ்வளவு சொல்வதில்லை. அழைப்பும் இடமும் கிடைத்தன என்பது மட்டுமே. பதிவுத் தபாலில் பழகிய "ஒப்புகை" அப்படியே பொருந்துகிறது.

செயற்கைக்கோளா செய்மதியா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. இரண்டும் புரிகின்றன, அவரவர் பழக்கம்.

சொல் ஓடுகிறதா என்று பார்க்க, கருவியின் மேல் ஒட்டும் குறிப்பாக எழுதிப் பார்த்தேன்:

"உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் முடுக்கவும். ஆன்டெனாவை முழுதும் விரிக்கவும். மூடியைத் தூக்கி, சிவப்புப் பொத்தானை விளக்கு எரியும்வரை அழுத்தவும். வானம் தெரியும் இடத்தில் நிமிர்த்திப் பிடிக்கவும். மீட்பு வரும்வரை அணைக்க வேண்டாம்."

கடைசி வரி அவசியம். ஏறத்தாழ 50 நொடிக்கு ஒருமுறை, அரை நொடி அளவுக்குத்தான் அது கூப்பிடும். இடையில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பதறி அணைத்துவிடக் கூடாது. 121.5 மெகாஹெர்ட்ஸில் தனியாக ஓடும் மெல்லிய அலையைப் பிடித்துத்தான் தேடுவோர் கடைசித் தூரத்தைக் கடந்து வருவார்கள். அதற்கு "வழிகாட்டலை" என்று குறித்திருக்கிறேன். கருவியின் 15 எழுத்து அடையாளக் குறியைப் பதிவு செய்வது பற்றியும் ஒரு வரி சேர்க்கவேண்டும். பதிவில் இருக்கும் தொலைபேசிக்குத்தான் மையம் முதலில் கூப்பிட்டு, பொய்யழைப்பா என்று விசாரிக்கும்.

எனக்குத் திருப்தி தராதது ஒன்றே ஒன்று: ஏஐஎஸ் (AIS, கலங்கள் தாம் இருக்குமிடத்தை ஒன்றுக்கொன்று வானொலியில் அறிவிக்கும் முறை) வகை. கடலில் ஆள் விழுந்தால் சுற்றிலும் சில மைலுக்குள் உள்ள கலங்களின் திரையில் அவர் இருக்குமிடத்தைக் காட்டும் கருவி. கோஸ்பாஸ்-சார்சாட்டோடு அதற்குத் தொடர்பு இல்லை. ஆனால் தவறி விழுந்தவரை முதலில் எடுக்கக்கூடியது அவர் விழுந்த அதே படகுதான் என்பதால் மிகவும் பயனுள்ளது. "அருகழைப்பி" என்று வைத்துப் பார்த்தேன். அழைப்பி என்ற ஒட்டைப் பார்த்து இதுவும் மீட்பு மையத்தை எட்டும் என்று நினைக்க இடமுண்டு. "விழுந்தார்காட்டி" கரடுமுரடாக இருக்கிறது. கடலோடிகள் யாராவது இக்குழுவில் இருந்தால், படகில் வாய்க்கு வருவது என்ன என்று எழுதுங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.