இரண்டாவது பாட்டிலேயே 'கிராசியாஸ்'

வேலை விஷயமாக பியூனஸ் அயர்ஸில் எட்டு மாதம் இருந்தேன். அதற்கு முன்பே மூன்று வருடம் டாங்கோ நடன வகுப்புக்குப் போனவன், லீடராக, அதாவது ஜோடியை வழிநடத்துகிறவனாக ஆட, எட்டு வடிவில் திரும்பும் ஓச்சோ, சக்காதா, கான்ச்சோ என்ற அசைவுகள் எல்லாம் தெரியும். அங்கே மிலோங்காவில், அதாவது டாங்கோ ஆடக் கூடும் இடத்தில், ஒரு தாந்தா என்ற பாட்டுத் தொகுப்பு பெரும்பாலும் நான்கு பாட்டு. நான்கும் முடிந்து கொர்த்தினா என்ற சின்ன இடைவேளை இசை ஒலிக்கிறவரை ஜோடி பிரியாது. நடுவில் 'கிராசியாஸ்' என்று சொன்னால் அது வெறும் நன்றி அல்ல, இத்தோடு போதும் என்று அர்த்தம். முதல் மாதத்தில் மூன்று பெண்கள் இரண்டாவது பாட்டு முடிந்ததுமே எனக்கு அதைச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது தடவை ரொம்ப வலித்தது, ஷூவை மாற்றிக்கொண்டு அறைக்குக் கிளம்பிவிட்டேன்.

காரணத்தைப் புரியவைத்தவர் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர், அந்த நகரின் வில்லா உர்கீசா பகுதி ஆள். ஒரு பிராக்டிகாவில், அதாவது பயிற்சிக் கூட்டத்தில், நான் ஆடுவதைச் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நேராக வந்து என் இடது கையை எடுத்துத் தன் தோளைச் சுற்றிப் போட்டு, என்னை ஃபாலோவராக, அதாவது லீடரின் அழைப்புக்கு ஏற்ப நகர்கிறவராக ஆட வைத்தார். அந்தக் காலத்தில் ஆண்கள் முதலில் ஆண்களோடுதான் பழகுவார்களாம், மாதக்கணக்கில் ஃபாலோவராக ஆடிய பிறகுதான் லீட் செய்யவே விடுவார்களாம்.

முதல் பாட்டில் அவர் தன் பாணியில் ஆடினார். அவர் நெஞ்சு லேசாக முன்னே வரும், என் கால் தானாகப் பின்னால் போகும். அடுத்த பாட்டில் நான் ஆடுகிற மாதிரியே ஆடிக் காட்டினார். வலது கை என் முதுகில் பெல்ட் போல இறுகியது. ஓச்சோவுக்குத் திருப்பும்போது என் இடுப்பு திரும்புவதற்குள் தோள்பட்டை இழுபட்டது, ஒரு காலில் எடை முழுசாக இறங்குவதற்குள் அடுத்த அடி. பாதிப் பாட்டிலேயே கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. என்னோடு ஆடிய அத்தனை பேரும் இதைத்தானே தாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த ஆறு வாரம் புதிதாக எதுவும் கற்கவில்லை, நடை மட்டும்தான். இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சுக்கு நடுவே ஒரு தாளை வைத்து, அது விழாமல் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்க வேண்டும். கை இல்லை என்றானதும்தான் என் நெஞ்சு எவ்வளவு ஊமையாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது. ஓச்சோவுக்கு மேல் உடம்பு திரும்ப வேண்டும், இடுப்பு அதோடு சேர்ந்து ஓடிவிடக் கூடாது, அது பழக்கத்தில் வந்துவிடுகிறது. காத்திருப்பதுதான் கஷ்டம். அடிக்கு அழைப்பது என் வேலை, அந்த அடியை முடிப்பது ஃபாலோவரின் வேலை, அவர் எடை தரையில் இறங்கியதை நான் உணர்ந்த பிறகுதான் அடுத்தது. இதற்கு டாங்கோ இசைக்குழுத் தலைவர் டி சார்லியின் இசை மாதிரி துணை வேறில்லை. பியானோவில் உட்கார்ந்தபடியே தன் குழுவை நடத்தியவர், அவர் இசையில் நிதானமாக நடக்க இடம் இருக்கும். இன்னொரு குழுத் தலைவரான டாரியென்சோவின் துள்ளல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் ஆரம்பத்திலேயே அதில் பழகினால் அவசரம் ஒட்டிக்கொள்ளும் என்பது என் கருத்து. லீட் செய்கிறவர்கள் மாதம் ஒரு தடவையாவது ஃபாலோவராக ஆடிப் பாருங்கள், வீடியோ பார்ப்பதைவிட அது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு அதே மிலோங்காவுக்குப் போனேன். முதல் மாதம் பாதியில் நிறுத்திய மூவரில் ஒருவர் எதிர் மேசையில் இருந்தார். பார்வை சந்தித்தது, ஆட அழைத்துத் தலையசைத்தேன், கொஞ்சம் யோசித்துவிட்டு அவரும் அசைத்தார். தளம் முழுக்கக் கூட்டம், ரோண்டா, அதாவது ஜோடிகள் வட்டமாக நகரும் வரிசை, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நடை, எடை மாற்றம், நாலைந்து ஓச்சோ, அவ்வளவுதான் செய்தேன். இரண்டாவது பாட்டு முடிந்து எல்லோரும் நின்று பேசுகிற அந்த இடைவெளியில் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. என் ஊரைப் பற்றி அவர் ஏதோ கேட்டார், பதில் சொன்னேன், மூன்றாவது தொடங்கியதும் திரும்பவும் கையைத் தோளில் போட்டார்.

நான்காவதும் முடிந்தது. கொர்த்தினா ஒலிக்க, அவரை நாற்காலிவரை கூட்டிப்போய் விட்டேன். உட்காரும் முன் 'கிராசியாஸ்' என்றார்.